பிளெட்ச்லி பார்க்: ஒரு தந்தி ஆபீஸ்காரி பார்த்தது

நான் படிக்கிற நாவல்களில் இந்த மாளிகைக்குள் நுழையும் பெண்ணுக்கு எப்போதும் இருபத்தோரு வயதுதான். லண்டனில் விடிய விடிய ஆடிவிட்டு, அதே பட்டு கவுனோடு அதிகாலை ரயிலில் வந்து இறங்குவாள். நான் நுழைந்தபோது எனக்கு அறுபத்தாறு. மகளுடைய கோட்டு, மாப்பிள்ளையின் மப்ளர், காலில் இரண்டு ஜோடி சாக்ஸ். ஒரு கையில் எலுமிச்சை சாதம் இருந்த தூக்கு, மறு கையில் ஒன்பது வயதுப் பேரன்.

ரிட்டயர் ஆன பிறகு எனக்குப் பிடித்த பைத்தியம் இது. இரண்டாம் உலகப் போர், உளவு, சீமான் வீட்டு விருந்து, நடுவில் ஒரு காதல். போனிலேயே வாங்கி நாற்பதுக்கு மேல் படித்திருப்பேன். அதில் பாதிக் கதைகள் சுற்றிச் சுற்றி வருவது, அந்தப் போரில் எதிரிகளின் ரகசியக் குறிச் செய்திகளை உடைத்துப் படித்த இடமான இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்குக்குத்தான். மகள் குடியிருக்கும் மில்டன் கீன்ஸ் ஊருக்குள்ளேயே அது இருக்கிறது என்று தெரிந்ததும், பிள்ளைப்பேறு பார்க்க வந்த காலத்தில் கூடக் காட்டாத உற்சாகத்தைக் காட்டினேனாம். மகள் இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 1981-ல் திருச்சி தந்தி ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தவள் நான். மோர்ஸ் கற்று, டெலிபிரிண்டரில் உட்கார்ந்து, அப்புறம் கம்ப்யூட்டர் வந்து, 2013 ஜூலையில் தந்தியே நின்றுபோய், வேறு பிரிவில் ஆறு வருடம் தள்ளி, 2019-ல் வீட்டுக்கு வந்தேன். ஆகவே பிளெட்ச்லி பார்க்கைச் சுற்றிப் பார்த்தது இரண்டு பேர். ஒருத்தி கதைப் பைத்தியம், இன்னொருத்தி தந்திக்காரி. இரண்டு பேருக்கும் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை.

போகிறவர்களுக்கு முதலில் நடைமுறை விஷயம். லண்டன் யூஸ்டன் நிலையத்திலிருந்து பிளெட்ச்லிக்கு நேர் ரயில் இருக்கிறது, முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். இறங்கி நடந்தால் சில நிமிடம்தான். டிக்கெட் பெரியவர்களுக்கு இருபது பவுண்டுக்கு மேல் ஆகிறது. ரூபாயில் கணக்குப் போட்டு நெஞ்சைப் பிடித்துக்கொள்ளாதீர்கள், அதே டிக்கெட்டில் ஒரு வருடத்துக்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம். நான் ஆறு மாத விசாவில் மூன்று தடவை போனேன். கையில் ஒரு கருவி தருகிறார்கள், அந்தந்த இடத்தில் நின்றால் அது விவரம் சொல்லும். பேரன் அதைப் பிடுங்கிக்கொண்டதால் முதல் தடவை எனக்குப் பலகைகளைப் படிக்கிற பாக்கியம்தான்.

மாளிகையைப் பார்த்ததும் கதைப் பைத்தியத்துக்குக் கொஞ்சம் ஏமாற்றம். அழகு என்று சொல்ல முடியாது. 1883-ல் இந்த நிலத்தை வாங்கிய ஹெர்பர்ட் லியோன் என்ற பணக்காரர், ஊர் ஊராகப் பார்த்ததில் பிடித்ததையெல்லாம் கொண்டுவந்து ஒட்டியதுபோல் இருக்கிறது. ஒரு பக்கம் கூரான முகடு, ஒரு பக்கம் டச்சு வீட்டு முகப்பு, இன்னொரு பக்கம் செம்பு வேய்ந்த பச்சைக் குவிமாடம். செட்டிநாட்டு வீடு ஒன்றை மூன்று மேஸ்திரிகள் சண்டை போட்டுக்கொண்டு கட்டினால் இப்படித்தான் வரும். ஆனால் உள்ளே நூலகத்தையும் நடன அறையையும் பார்த்ததும் மனசு மாறிவிட்டது. மரவேலை அப்படி.

1938-ல் இதை வாங்கியவர் ஹக் சின்க்ளேர், பிரிட்டிஷ் உளவுத்துறையின் தலைவர். விலை 6,000 பவுண்டு, சொந்தப் பணத்தையே போட்டார் என்று சொல்கிறார்கள். அந்த செப்டம்பரில் ஒத்திகை பார்க்க ஒரு கூட்டம் வந்தது. ஊரில் கேட்டால் 'கேப்டன் ரிட்லியின் வேட்டைக் கூட்டம்' என்று சொல்லச் சொன்னார்களாம். லண்டன் சவாய் ஓட்டலிலிருந்து சமையல்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். போர் வரப்போகிறது, அதற்கு ஒத்திகை, அதற்கு சவாய் ஓட்டல் சமையல்! எந்த நாவலாசிரியரும் இதை எழுதினால் 'சும்மா அளக்கிறார்' என்று நானே சொல்லியிருப்பேன்.

சரி, மாளிகையை விட்டு வெளியே வாருங்கள். உண்மையான வேலை நடந்தது ஹட் என்கிற மரக் கொட்டகைகளில். தரைப்படை, விமானப்படைச் செய்திகளை ஹட் 6 உடைக்கும், ஹட் 3 மொழிபெயர்த்து அர்த்தம் பார்க்கும். கடற்படைக்கு அதேபோல ஹட் 8, ஹட் 4. ஹட் 6-க்கும் 3-க்கும் நடுவே ஒரு மரச் சுரங்கம் வைத்திருந்தார்கள். உடைத்த செய்தியைத் தட்டில் வைத்து துடைப்பக் கட்டையால் தள்ளினால் அந்தப் பக்கம் போய்ச் சேரும். ஹிட்லரின் தளபதிகள் பேசிக்கொண்டது துடைப்பக் கட்டை வழியாகப் போயிருக்கிறது.

கொட்டகைகளுக்குள் இருட்டாக, பழைய ஆபீஸ் நாற்றத்தோடு இருப்பதுபோல் செய்து வைத்திருக்கிறார்கள். மேஜை விளக்கு, ஆஷ் டிரே, ஆணியில் தொங்கும் கோட்டு, எங்கிருந்தோ பேச்சுக் குரல். நான் ஒரு மேஜை பக்கத்தில் நின்றேன், நகர மனசே வரவில்லை. காலை 8 முதல் மாலை 4, 4 முதல் நள்ளிரவு, நள்ளிரவு முதல் காலை 8 என்று மூன்று ஷிஃப்ட். நள்ளிரவு ஷிஃப்டில் மூன்று மணிக்கு வரும் குளிர் எப்படியிருக்கும், அப்போது பக்கத்து சீட்டுக்காரி சொல்லும் அசட்டு ஜோக்குக்கு ஏன் அவ்வளவு சிரிப்பு வரும் என்பதெல்லாம் எனக்குப் பலகை படிக்காமலே தெரியும். இந்த நாவல்களில் நைட் ஷிஃப்ட் என்றால் ஜன்னலில் நிலா இருக்கும். இங்கே ஜன்னல்களை மூடி மறைத்திருப்பார்கள், வெளிச்சம் வெளியே போனால் விமானம் குண்டு போடும்.

நாவல்காரர்கள் அடிக்கடி செய்கிற இன்னொரு தப்பு, கதாநாயகி எனிக்மா மெஷின், அதாவது ஜெர்மன்காரர்கள் செய்தியை ரகசிய எழுத்தாக மாற்றிய மெஷின், முன்னால் உட்கார்ந்து தட்டுவது. இங்கே பெண்கள் தட்டியது டைப்பெக்ஸ் என்ற பிரிட்டிஷ் மெஷின். எனிக்மா மாதிரி நடிக்கும்படி அதை மாற்றி அமைத்திருந்தார்கள். அன்றைய செட்டிங் கிடைத்துவிட்டால் இதில் தட்டத் தட்ட ஜெர்மன் வார்த்தைகள் வெளியே வரும்.

அந்த செட்டிங்கைக் கண்டுபிடிப்பதுதான் பிராணன் போகிற வேலை. எனிக்மாவை வைக்கக்கூடிய விதங்கள் 159-க்குப் பின்னால் 18 சுழி போட்டால் வருகிற எண்ணிக்கை, அதுவும் தினமும் மாறும். மாப்பிள்ளை கம்ப்யூட்டர்காரர். அவர் மூச்சு வாங்க எனக்கு விளக்கினார். ஆனால் செய்தியில் இருக்கக்கூடிய வார்த்தையை முன்கூட்டியே ஊகிக்கிற 'கிரிப்' என்று ஒன்றைச் சொல்ல ஆரம்பித்ததும், "இருங்க மாப்பிள்ளை, இது எங்க வேலை" என்று நானே எடுத்துக்கொண்டேன்.

தந்தி ஆபீஸில் லைன் கெட்டுப்போய் எழுத்துகள் குழம்பி வருவது தினப்படி நடக்கும். எட்டு எழுத்தில் மூன்றுதான் சரியாக இருக்கும். இருந்தாலும் 'மதர் சீரியஸ் ஸ்டார்ட் இமீடியட்லி' என்பதை நாங்கள் தூக்கத்திலும் கண்டுபிடிப்போம். ஏனென்றால் மனுஷர்கள் சொல்வதையே சொல்வார்கள். அதனால்தான் வாழ்த்துத் தந்திக்கே நம்பர் போட்டு வைத்திருந்தது இலாகா. 1 என்றால் தீபாவளி, 5 என்றால் பிறந்தநாள், 8 என்றால் நீடூழி வாழ்க என்கிற கல்யாண வாழ்த்து. முகூர்த்த நாளில் எட்டாம் நம்பர் அடித்து அடித்து விரல் தேயும்.

ஜெர்மன்காரர்களும் மனுஷர்கள்தானே. தினமும் அதே நேரத்துக்கு அதே மாதிரி வானிலை அறிக்கை அனுப்பினார்கள். 'வெட்டர்' என்றால் ஜெர்மனில் வானிலை. இன்ன இடத்தில் இன்ன வார்த்தை இருக்கும் என்று ஊகித்து, அதைக் குழம்பிய எழுத்துகளுக்குக் கீழே எழுதி வைத்துப் பார்ப்பார்கள். எனிக்மாவுக்கு ஒரு பலவீனம் உண்டு. எந்த எழுத்தை அழுத்தினாலும் அதே எழுத்து திரும்ப வராது. ஆகவே மேலும் கீழும் ஒரே எழுத்து நேருக்கு நேர் வந்துவிட்டால் ஊகம் தப்பு, ஒரு கட்டம் நகர்த்து. பொருந்துகிற இடம் கிடைத்தால் அதை பாம்ப் என்ற பெரிய மெஷினுக்குத் தருவார்கள். 108 உருளைகள் கடகடவென்று சுற்றி, நடக்க முடியாத செட்டிங்குகளைக் கழித்துக்கட்டும். இந்த வழிக்கு முதல் விதை போலந்து கணித மேதைகள் போட்டது. 1939 ஜூலையில் வார்சா பக்கம் ஒரு காட்டில் வைத்துத் தங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் பிரிட்டிஷ்காரர்களிடம் கொடுத்தார்கள். அவர்களுக்கு இங்கே ஒரு நினைவுச் சின்னம் உண்டு, தவறாமல் பாருங்கள்.

பாம்ப் மெஷின்களை ஓட்டியது கடற்படையின் பெண்கள் பிரிவு. அவர்களில் ஒரு கூட்டத்தை வோபர்ன் அபியில், அதாவது ஒரு பிரபுவின் அரண்மனையில், தங்க வைத்திருந்தார்கள். கதைப் பைத்தியம் இங்கே நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆனால் பலகையில் மெஷினின் எண்ணெய், சத்தம், நின்றுகொண்டே எட்டு மணி நேரம் என்றுதான் இருந்தது.

எனக்கு மிகவும் பிடித்த இடத்தை வெளியிலிருந்துதான் பார்த்தேன். லாயத்து முற்றத்தில் மூன்று சின்ன வீடுகள். அங்கே டில்லி நாக்ஸ் என்ற கிரேக்க மொழிப் புலவர் ஒரு பெண் படையை வைத்துக்கொண்டு வேலை செய்தார். குளிக்கும் தொட்டியில் உட்கார்ந்தால்தான் மூளை ஓடும் என்கிற ரகம். மேவிஸ் லீவர் என்ற 19 வயதுப் பெண் வந்து சேர்ந்த முதல் நாள், 'நாங்க மெஷின் உடைக்கிறோம், பென்சில் இருக்கா?' என்று கேட்டாராம். அவ்வளவுதான் பயிற்சி.

இந்த மேவிஸ் ஒருநாள் நீளமான இத்தாலியச் செய்தி ஒன்றைக் கையில் எடுத்தார். அதில் 'எல்' என்ற எழுத்து ஒன்றுகூட இல்லை. என்ன நடந்திருக்கும் என்று அவருக்கு உடனே பிடிபட்டது. எதையாவது அனுப்பு என்று சொல்லப்பட்ட ஆபரேட்டர் சோம்பல்பட்டு, விசைப்பலகையின் கோடியில் இருக்கும் 'எல்'லையே அழுத்திக்கொண்டு இருந்திருக்கிறான். அழுத்திய எழுத்து திரும்ப வராதே, அதனால்தான் 'எல்' இல்லை. அந்த ஒரு சோம்பேறியால் மெஷினின் உள் ஒயரிங்கே வெளியே வந்துவிட்டது.

இதைப் படித்துவிட்டு நான் அங்கேயே சிரித்துவிட்டேன். நாங்கள் லைன் டெஸ்ட் செய்ய 'ஆர்ஒய்ஆர்ஒய்' என்று அடித்துக்கொண்டே இருப்போம், ஒரு கையில் டீ கிளாஸ் இருக்கும். அந்த இத்தாலியனை நான் பார்த்ததில்லை, ஆனால் அவனைப்போல ஆறு பேரோடு வேலை பார்த்திருக்கிறேன்.

1941 மார்ச்சில் அதே மேவிஸ் கைக்கு இன்னொரு செய்தி வந்தது. இன்றிலிருந்து மூன்றாம் நாள் நடக்கப்போகிறது என்று இருந்தது. என்ன, எங்கே என்று அடுத்தடுத்த செய்திகளில் தோண்டி எடுத்து எகிப்தின் அலெக்சாண்டிரியாவில் இருந்த அட்மிரல் கன்னிங்ஹாமுக்கு அனுப்பினார்கள். இங்கேதான் நாவல் தோற்றுப்போகிறது. அலெக்சாண்டிரியாவில் ஜப்பானியத் துணைத் தூதர் ஒருவர் இருந்தார். துறைமுகத்தில் எந்தக் கப்பல் அசைந்தாலும் செய்தி போய்விடும். ஆகவே அட்மிரல் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ராத்திரி கரையிலேயே தங்கப்போகிறவர் மாதிரி, ஜப்பானியர் கண்ணில் படும்படி கோல்ஃப் கிளப்புக்குப் போனார். இருட்டியதும் நைசாகத் திரும்பிக் கப்பல் ஏறினார். எதிரியைத் தற்செயலாகப் பார்த்ததுபோல் காட்ட ஒரு விமானத்தையும் முன்கூட்டியே அனுப்பினார்கள், ரகசியம் உடைந்தது தெரியக்கூடாதே. கிரீஸ் பக்கத்து மாட்டபான் முனையில் நடந்த சண்டையில் இத்தாலி ஐந்து போர்க்கப்பல்களையும் 2,300 பேர் அளவுக்கு மாலுமிகளையும் இழந்தது.

அந்த இரவில் 'வேலியன்ட்' கப்பலில் சர்ச்லைட்டைக் கவனித்துக்கொண்டவர் ஃபிலிப் என்ற 19 வயது இளவரசர். ஆமாம், பிற்காலத்தில் எலிசபெத் அரசியைக் கைப்பிடித்தாரே, அவர்தான். அந்தக் காலத்தில் அவருக்கு ஆஸ்லா பென்னிங் என்ற காதலி இருந்தார். அந்த ஆஸ்லாவும் போர்க்காலத்தில் பிளெட்ச்லி பார்க்கில் வேலை பார்த்தவர். மேவிஸ் ஒரு பக்கம், ஆஸ்லா ஒரு பக்கம், நடுக்கடலில் விளக்கைப் பிடித்துக்கொண்டு ஃபிலிப். யாருக்கும் மற்றவர் செய்வது தெரியாது. இந்த முடிச்சை நானே பென்ச்சில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன், யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஆஸ்லா 'டெபுடான்ட்' வகை. பெரிய வீட்டுப் பெண்கள் வயது வந்ததும் ராஜா ராணி முன்னால் வணங்கி அறிமுகமாகி, ஒரு சீசன் முழுக்க நடன விருந்துகளுக்குப் போய் மாப்பிள்ளை தேடுவது அந்த நாட்டு வழக்கம். அவருடைய தோழி சாரா நார்ட்டன், மவுண்ட்பேட்டனின் ஞானமகள். இரண்டு பேரும் முதலில் ஸ்லவ் ஊரில் விமானத் தொழிற்சாலையில் வேலை செய்துவிட்டு, ஜெர்மன் தெரியும் என்பதால் இங்கே வந்தார்கள். ஆரம்பத்தில் இந்த மாதிரிக் குடும்பத்துப் பெண்களை எடுத்ததற்குக் காரணம், தெரிந்த வீட்டுப் பெண், வாயைத் திறக்கமாட்டாள் என்ற நம்பிக்கை. நம் ஊரில் 'நல்ல இடம்' என்பார்களே, அதே கணக்கு. அப்புறம் ஆள் பற்றாமல் எல்லாரையும் எடுத்தார்கள். 1945 தொடக்கத்தில் கிட்டத்தட்ட 9,000 பேர், நான்கில் மூன்று பங்கு பெண்கள்.

சாராவுக்குக் கிடைத்த வேலை கடற்படைப் பிரிவில் கார்டு எழுதுவது. கப்பல் பெயர், கேப்டன் பெயர், இடம், தேதி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கார்டு. கார்டுகளின் உலகத்தை பிளாக் ஏ கட்டடத்தில் 2022-ல் திறந்த கண்காட்சியில் பார்க்கலாம். சிலருக்கு அது அலுப்பாக இருக்கும், எனக்கு அங்கேதான் ஒரு மணி நேரம் போனது. ஃபைலை எடுத்துத் தருகிற பெண் இல்லாவிட்டால் மேதை என்ன செய்வார்?

ஒரு நைட் ஷிஃப்டில் சாராவும் ஆஸ்லாவும் சேர்ந்து, காகிதம் ஏற்றிப் போகும் சக்கரம் வைத்த லாண்டரிக் கூடையில் ஜீன் கேம்பல்-ஹாரிஸ் என்ற தோழியை உட்கார வைத்து நடையில் தள்ளிவிட்டார்கள். கூடை கைக்கு அடங்காமல் ஓடி ஆண்கள் கழிப்பறைக்குள் போய் நின்றது. தண்டனையாக மூவரையும் வேறு வேறு ஷிஃப்டில் போட்டார்கள். அந்த ஜீன் பிற்காலத்தில் பிரபுக்கள் சபையில் உட்கார்ந்தவர், டிரம்பிங்டன் சீமாட்டி. எழுபது எண்பது பக்கம் விருந்து வர்ணனை எழுதுகிற நாவல்காரர்கள் எல்லாரும் இந்தக் கூடையைப் படித்துப் பாடம் கற்கலாம்.

ஹட் 8-ல் கணித மேதை ஆலன் டூரிங்கின் அறையை அவர் இருந்தபோது இருந்த மாதிரி அமைத்திருக்கிறார்கள். யாரும் எடுத்துப் போகாமல் டீக் கோப்பையை ரேடியேட்டரில் சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருந்தாராம். அந்தக் கோப்பையும் தொங்குகிறது. பேரனுக்கு அந்த இடம்தான் உலகத்திலேயே பெரிய ஜோக். எனக்குப் பக்கத்தில் ஜோன் கிளார்க் பற்றி இருந்ததுதான் மனசில் தங்கியது. கணிதத்தில் கெட்டிக்காரி. சம்பளம் உயர்த்த வேண்டுமானால் மொழி வல்லுநர் பதவி ஒன்றுதான் காலியாக இருந்தது, அதில் போட்டார்கள். ஒரு படிவத்தில் 'பதவி: மொழி வல்லுநர், தெரிந்த மொழிகள்: ஏதுமில்லை' என்று எழுதி மகிழ்ந்தாராம். பதவி உயர்வுக்கு இல்லாத பெயரில் தலையை நுழைக்கிற வித்தை நம் இலாகாவுக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்திருந்தேன்.

1941-ல் டூரிங் ஜோனிடம் கல்யாணத்துக்குக் கேட்டார். சம்மதித்தார். தனக்கு ஆண்கள் மேல்தான் நாட்டம் என்று அடுத்த நாளே டூரிங் சொல்லிவிட்டார். ஜோன் கலங்கவில்லை, நிச்சயம் சில மாதம் நீடித்தது. பிறகு டூரிங்கே முறித்தார். அதற்குப் பிறகும் அதே கொட்டகையில், அதே ஷிஃப்டுகளில் நண்பர்களாக வேலை பார்த்தார்கள். இதில் பட்டு கவுன் எதுவும் இல்லை. என் நாற்பது நாவல்களில் எதிலும் இப்படி ஒரு காதலை நான் படித்ததில்லை.

மதியம் ஏரிக்கரை பெஞ்சில் எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டோம். குளிர்காலத்தில் இந்த ஏரி உறைந்து, அதன்மேல் சறுக்கி விளையாடிய படங்கள் இருக்கின்றன. டீ குடிக்க ஹட் 4-க்குப் போனோம். ஆமாம், ஜெர்மன் கப்பல்களைத் துரத்திய கொட்டகையில் இப்போது ஸ்கோன் விற்கிறார்கள். ஸ்கோன் நன்றாக இருந்தது. மாப்பிள்ளை இரண்டு சாப்பிட்டார், மகள் பார்த்த பார்வையில் மூன்றாவதை எனக்குத் தந்துவிட்டார்.

1944-ல் பிரான்ஸ் கரையில் நடந்த நார்மண்டி படையிறக்கம் பற்றி ஒரு பெரிய திரைப் படம் காட்டுகிறார்கள். அகலமான திரை, காதைப் பிளக்கும் சத்தம். பேரனுக்குப் பிடித்தது, எனக்குத் தலைவலி. அந்தப் படையிறக்கத்தின் பின்னால் இருக்கிற ஏமாற்று வேலைதான் எனக்கு சுவாரசியம். ஹுவான் புஹோல் என்ற ஸ்பானியர் 27 கற்பனை உளவாளிகளைத் தன் தலைக்குள்ளேயே பெற்றெடுத்து, அவர்கள் பெயரில் ஜெர்மனிக்குப் பொய்ச் செய்தி அனுப்பினார். அந்தப் பொய்யை ஜெர்மனி நம்புகிறதா என்று பிளெட்ச்லியில் எட்டிப் பார்த்துச் சொன்னார்கள். ஜெர்மனி அவருக்கு இரும்புச் சிலுவை தந்தது, பிரிட்டன் எம்பிஇ பட்டம் தந்தது. இரண்டு முதலாளியிடமும் மெடல் வாங்கிய ஊழியர் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

இலங்கை வாசகர்களுக்கு ஒரு செய்தி. ஜப்பானியக் குறிகளை உடைத்த கூட்டம் சிங்கப்பூரிலிருந்து தப்பி 1942-ல் கொழும்புக்குத்தான் வந்தது. ஏப்ரலில் ஜப்பான் குண்டு போட்டதும் கென்யாவின் மொம்பாசாவுக்கு ஓடி, மறு வருடம் கொழும்புக்கே திரும்பியது. கொழும்பில் அந்த நிலையத்துக்குப் பெயர் ஹெச்எம்எஸ் ஆண்டர்சன். அங்கே வேலை பார்த்த பெண்களையும் நகரத்தின் கிளப்புகளையும் வைத்து யாராவது தமிழில் ஒரு நாவல் எழுதினால் முதல் பிரதி எனக்கு.

இரண்டாவது தடவை போனபோது அதே வளாகத்தில் தனியாக இயங்கும் தேசிய கணினி அருங்காட்சியகத்துக்கும் போனேன். அதற்கு டிக்கெட் தனி, அதைத் தெரிந்துகொண்டு போங்கள். அங்கே, ஜெர்மன் டெலிபிரிண்டர் குறிகளை உடைக்க உதவிய கொலோசஸ் என்ற மெஷினை மறுபடி கட்டி ஓடவிட்டிருக்கிறார்கள். சுவர் அளவு, ஆயிரக்கணக்கில் வால்வுகள். ஒரு சட்டத்தில் டெலிபிரிண்டர் துளை நாடா வட்டமாகச் சுற்றுகிறது, நொடிக்கு 5,000 எழுத்து. ஐந்து துளை நாடா! நான் விரலால் தடவியே எழுத்துச் சொல்லக்கூடிய நாடா. அங்கே நின்று கண் கலங்கியதை மகள் படம் எடுத்து வாட்ஸப்பில் போட்டுவிட்டாள்.

இதைக் கட்டியவர் டாமி ஃப்ளவர்ஸ், அந்த நாட்டுத் தபால் தந்தி இலாகா இன்ஜினியர். அதாவது நம்ம இலாகா! போர் முடிந்ததும் அவருக்கு 1,000 பவுண்டு கொடுத்தார்கள், அவர் கைக்காசு போட்டதற்கே அது போதவில்லை. இன்னொரு மெஷின் கட்ட வங்கியில் கடன் கேட்டார். இப்படி ஒன்று வேலை செய்யாது என்று மறுத்துவிட்டார்கள். 'ஏற்கெனவே கட்டி ஓட்டியிருக்கிறேன்' என்று அவரால் வாயைத் திறந்து சொல்ல முடியவில்லை. ரகசியம் காப்பேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாரே.

எல்லாரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 1974-ல் ஒரு புத்தகம் வெளிவந்து விஷயம் உடைகிறவரை முப்பது வருடம் யாரும் பேசவில்லை. இன்றைய இளவரசி கேத்தரினின் பாட்டி வேலரி கிளாஸ்பரோவும் இங்கே வேலை பார்த்தவர்தான், வீட்டில் அதைப் பற்றிப் பேசினதே இல்லையாம். மேவிஸுக்கு அதிர்ஷ்டம். 1942-ல் கணவராக வந்த கீத் பேட்டியும் இங்கேயே வேலை பார்த்தவர். அந்தக் கொடுப்பினை எல்லாருக்கும் இல்லை. பக்கத்தில் படுத்திருப்பவரிடமும் சொல்லாமல், அப்பா அம்மா 'நீ போரில் என்னதான் கிழித்தாய்' என்று கேட்டபடியே செத்துப்போகும்வரை சொல்லாமல் இருந்திருக்கிறார்கள். நாவல்களில் ரகசியம் என்றால் யாரோ பிஸ்டலோடு துரத்துவார்கள். இங்கே ரகசியம் என்றால் சாப்பாட்டு மேஜையில் பேச்சை மாற்றுவது.

கதைப் பைத்தியம் இதை மிகவும் ரசித்தது. தந்திக்காரிக்கு அடிவயிற்றில் என்னவோ செய்தது. 1885-ம் வருடத்துத் தந்திச் சட்டப்படி செய்தியை வெளியே சொன்னால் எங்களுக்கும் தண்டனை. எங்கள் தெருவுக்கே ஒரு தந்தி வந்தது, 1987-ல். அடித்து முடித்து, வெளியே அனுப்பிவிட்டு, ஷிஃப்ட் முடிந்து, அந்த வீட்டு அம்மாவோடு ஒரே பஸ்ஸில் வந்தேன். வழியெல்லாம் அவர் கத்தரிக்காய் விலையைப் பேசிக்கொண்டு வந்தார். நான் தலையாட்டிக்கொண்டு வந்தேன். அதில் என்ன இருந்தது என்று இங்கே எழுதப்போவதில்லை.

முட்டிவலிக்காரர்கள் கவனத்துக்கு: இடம் பெரியது, ஒரே நாளில் எல்லாம் பார்க்க நினைக்காதீர்கள். உட்கார நிறைய பெஞ்சு இருக்கிறது. ஆறு வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் ஏரி வாத்துகளுக்குத்தான் செலவு செய்ததாக ஆகும். போர்க்காலக் காதல் கதை படிக்கிறவர்கள் இரண்டு கதையாவது படித்துவிட்டுப் போங்கள், எது எங்கே பொய் என்று பிடிக்கிற சுகம் தனி. நட்சத்திரம் கேட்டால் ஐந்துக்கு நாலரை. கூடையில் போன ஜீனுக்கும் அவருடைய கூட்டாளிகளுக்கும் தனியாக ஒரு அறை ஒதுக்கினால் அந்த அரையையும் கொடுத்துவிடுவேன்.

மூன்றாவது தடவை போய்த் திரும்பும்போது காரில் மகள் கேட்டாள். "ஏம்மா, நீயும் இத்தனை வருஷம் தந்தி அடிச்சிருக்கே. எங்ககிட்ட சொல்லாத ரகசியம் ஏதாவது இருக்கா?"

"என்ன பெரிய ரகசியம்? எல்லாம் எட்டாம் நம்பர்தான். ரோட்டைப் பாத்து ஓட்டு."